வகுப்பும் சராசரியும்

பட்டமளிப்பு விழா மண்டபத்தில் ஒருவருடைய பெயர் வாசிக்கப்படும்பொழுது, அப்பெயரை ஒட்டி வேறு சில சொற்களும் வாசிக்கப்படுகின்றன. முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு, சாதாரண சித்தி என்பன அவை. மூன்று நான்கு ஆண்டுக் கல்வி முழுவதும் அச்சிறு சொற்களுள் அடங்கிவிடுகின்றது. விரிவுரையாளர் பதவியை நாடுவோரும் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் வேண்டுவோரும் அவற்றாலேயே முதற்கண் அறியப்படுகின்றனர். மாணவன் இரவு பகலாக முயன்று எழுதிய விடைத்தாளை அதன்பின் எடுத்துப் பார்ப்பார் எவருமிலர். ஆதலின் இச்சொற்கள் எங்ஙனம் பிறந்தன, எதனை அளக்கின்றன, அளப்பதாகக் காட்டிக்கொண்டு எதனை அளவாது விடுகின்றன என்பன ஆராயத்தக்கனவாம்.

வகுப்புப் பிரிவினை ஆங்கிலநாட்டில் தோன்றியது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1800ஆம் ஆண்டில் தன் பரீட்சை விதிகளைத் திருத்தியமைத்தபோது, வெறுமனே தேறுவோரினின்றும் சிறப்புடன் தேறுவோரைப் பிரித்தறிய வழிசெய்தது. சில ஆண்டுகளில் இலக்கியத்துக்கும் கணிதத்துக்கும் தனித்தனிப் பரீட்சைகள் ஏற்பட்டன. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக விளங்கிய றொபேட் பீல் 1808இல் அவ்விரண்டிலும் முதலாம் வகுப்புப் பெற்றார். அக்காலத்துப் பரீட்சை பெரும்பாலும் வாய்மொழியாகவே நடைபெற்றது. பரீட்சகர் மாணவனை எதிரில் இருத்தி வினாவினர், அவன் விடையிறுத்தான், கேட்டவர்கள் தம்முட் கலந்து, இவன் இன்ன தரத்தினன் எனத் தீர்த்தனர். வகுப்பு என்பது தோற்றத்திலேயே ஒரு தீர்ப்பு. எண்ணாற் பெற்ற அளவையன்று. புலவர் அவையில் நூலை அரங்கேற்றி, அவையோர் தடைக்கு விடைகூறிய நம் முன்னோர்க்கு இம்முறை புதியதாகத் தோன்றியிராது.

கேம்பிறிட்ஜ் வேறு வழியிற் சென்றது. அங்குக் கணிதப் பரீட்சை எழுத்து வடிவம் பெற்று, புள்ளிகள் கூட்டப்பட்டு, தேறியோர் அனைவரும் முதல்வன் முதற் கடையன் ஈறாக வரிசைப்படுத்தப்பட்டனர். வரிசையில் முதல்வனுக்கு நாடெங்கும் புகழ் உண்டாயிற்று. அவ்விடத்தைப் பிடித்தற்கெனவே மாணவரைப் பழக்கும் தனியாசிரியர்கள் தோன்றினர். அவருள் ரூத் என்பார் பயிற்றிய முதல்வர்கள் இருபதின்மருக்கும் மேற்பட்டோர். இந்நாளிற் பெருகியுள்ள தனியார் வகுப்புகளை நவீன காலத்துத் தீமை எனக் கருதுவோர் இவ்வரலாற்றை நினைவுகூர்வாராக.

அவ்வரிசை உண்மையில் எதனைக் காட்டியது? 1845இல் இரண்டாம் இடம்பெற்றவர் பின்னர்க் கெல்வின் பிரபுவான வில்லியம் தொம்சன். 1854இல் இரண்டாம் இடம் மக்ஸ்வெல் என்பாருக்கு உரியதாயிற்று. முதலிடம் பெற்றவர் மேற்கூறிய ரூத்தே. 1880இல் இரண்டாம் இடம் எலெக்றனைக் கண்டறிந்த ஜே. ஜே. தொம்சனுக்கு. மின்னும் காந்தமும் ஒளியும் ஒரு கோட்பாட்டுள் அடங்குமாறு காட்டிய மக்ஸ்வெல்லை இன்று உலகறியும். ரூத் நல்ல ஆசிரியர் என்பதைக் கணித வரலாறு கற்றோர் சிலரே அறிவர். இதனால் வரிசை பொய் என்பது கருத்தன்று. குறித்த நேரத்துள் குறித்த வகைக் கணக்குகளை விரைந்து செய்யும் ஆற்றலை அது செவ்வையாகவே காட்டியது. அவ்வாற்றலையே அறிவின் முழுமை எனக் கொண்டமைதான் பிழை. 1890இல் பிலிப்பா போசெற் என்னும் பெண்மணி அப்பரீட்சையில் முதல்வனுக்கும் மேலான புள்ளி பெற்றார். எனினும் கேம்பிறிட்ஜ் பெண்களுக்குப் பட்டமளிக்கத் தொடங்கியது 1948இல் என்பதால், அவ்வம்மையார்க்கு அப்பல்கலைக்கழகம் பட்டம் வழங்கவில்லை. புள்ளியை அளந்தவர்கள் புள்ளிக்குக் கட்டுப்பட்டவரல்லர் போலும்! வரிசைப்படுத்தும் வழக்கம் 1909உடன் நின்றது. அதனை ஒழிக்க முன்னின்றோருள் ஹாடி என்னும் கணித அறிஞரும் ஒருவர். 1898இல் அவர் நான்காம் இடம் பெற்றவர்.

ஈழநாட்டுக்கு இவ்வகுப்புமுறை வந்துசேர்ந்தது இலண்டன் பல்கலைக்கழகத்தின் வழியாகவாம். அப்பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டின் சாசனத்தால், எவ்விடத்துக் கற்றவரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என வாயிலைத் திறந்தது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் இலண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரே சொந்தப் பட்டம் வந்தது. வெளிவாரி மாணவருக்கு விரிவுரை இல்லை, நூல்நிலையமும் அரிது. பகலிற் பள்ளியிற் படிப்பித்து, இரவில் விளக்கொளியிற் படித்து, வாரக் கணக்கிற் கடல்வழி சென்ற விடைத்தாளுக்கு மாதக் கணக்கிற் காத்திருந்து பட்டம் பெற்றோர் பலர். மயில்வாகனம் என்ற இயற்பெயரோடு ஆசிரியப்பணி புரிந்த காலத்தில், 1916இல், விபுலானந்த அடிகள் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றமை இவ்வழியிலேயாம்.

அம்முறையின் குறைகள் வெளிப்படை. ஒரு கிழமைக் காய்ச்சல் மூன்றாண்டு உழைப்பை அழிக்கக்கூடும். ஆயினும் அதன்கண் ஒரு நன்மை இருந்தது. அதனை இக்காலத்தார் எளிதில் மறந்துவிடுகின்றனர். இலண்டனில் இருந்த பரீட்சகருக்கு மாணவனின் ஊர் தெரியாது, குலந் தெரியாது, அவனுக்கு வேண்டியவர் யார் என்பதும் தெரியாது. சுட்டெண்ணையும் கையெழுத்தையுமே அவர் கண்டார். முகம் பார்த்துத் தீர்ப்பளிக்கும் சமுதாயத்தில் முகமறியாத் தீர்ப்பு ஒரு பெரும் விடுதலையாக இருந்தது. எண்ணின்மேல் நம்மவர் கொண்ட மதிப்பு இவ்வனுபவத்திலிருந்து வந்தது. அதனை வெறும் எண்மோகம் என்று இகழ்தல் நியாயமன்று.

இனி, இன்று நம் பல்கலைக்கழகங்களில் வழங்குவது இலண்டன் முறையும் அன்று. 1990களிலும் அதன் பின்னரும் பீடங்கள் ஒவ்வொன்றாக, ஆண்டிறுதிப் பரீட்சையைக் கைவிட்டு, அரையாண்டுப் பாட அலகுகளையும் கிரெடிட் கணக்கையும் தரப்புள்ளிச் சராசரியையும் மேற்கொண்டன. இவை அமெரிக்க நாட்டுச் சரக்கு. ஹாவார்ட் கல்லூரியில் எலியற் என்பார் 1869 முதல் 1909 வரை தலைவராயிருந்த காலத்தில், மாணவர் தாம் விரும்பிய பாடங்களைத் தெரிந்துகொள்ளும் முறை வளர்ந்தது. எல்லாரும் ஒன்றையே படித்த காலத்தில் அளவை தேவைப்படவில்லை. ஒருவன் கிரேக்கமும் மற்றொருவன் இரசாயனமும் படித்தபொழுது, இருவர் கல்வியும் சமன் என்று காட்ட ஒரு பொது நாணயம் வேண்டப்பட்டது. அந்நாணயத்தை வார்த்த வரலாறு விநோதமானது. 1906ஆம் ஆண்டளவில் கார்னகி நிதியம் பேராசிரியர்க்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. எந்நிறுவனத்தை உண்மையான கல்லூரி எனக் கொள்வது என்ற வினா எழுந்தது. அதற்கு விடையாக, உயர்பள்ளியில் ஒரு பாடத்தை 120 மணித்தியாலம் கற்றல் ஓர் அலகு என வரையறுக்கப்பட்டது. 1910இல் மொறிஸ் குக் என்னும் பொறியியலாளர், தொழிற்சாலைச் செலவைக் கணக்கிடும் முறையைத் தழுவி, கல்லூரி வேலையை மாணவர்-மணி கொண்டு அளக்குமாறு அந்நிதியத்துக்கு அறிக்கை எழுதினார். ஆசிரியரின் முதுமைக்கால வருவாய்பற்றிய ஏற்பாடொன்று மாணவரின் இளமைக்கால அறிவை அளக்கும் கோலாக மாறியது.

கிரெடிட் என்பது காலத்தின் அளவு என்பதை இவ்வரலாறு தெளிவாக்கும். 2012இல் வெளிவந்து 2015இல் திருத்தப்பெற்ற இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி, ஒரு கிரெடிட் 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். ஆண்டொன்றுக்கு 30 கிரெடிட். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. அஃதாவது ஆண்டுக்கு 1,500 மணித்தியாலம். ஐரோப்பாவில் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணித்தியாலம். பெருக்கிப் பார்ப்பின் ஏறத்தாழ அதே தொகை. ஆனால் விரிவுரை வடிவில் ஒரு கிரெடிட்டுக்கு நடப்பது 15 மணித்தியாலமே. எஞ்சிய 35 மணித்தியாலத்தை எண்ணுபவர் யாவர்? அது விடுதி அறையில் நூலோடு கழிந்ததா, வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் நின்றுகொண்டே கழிந்ததா என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

காலத்தின் அளவு கிரெடிட் எனின், தரத்தின் அளவு எழுத்தாம். இதற்கும் அமெரிக்கப் பழமை உண்டு. 1785இல் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்ரைல்ஸ், தாம் பரீட்சித்த 58 மாணவரை நான்கு தரமாகப் பிரித்துத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1897இல் மவுண்ட் ஹோல்யோக் என்னும் பெண்கள் கல்லூரி எழுத்துக்களைப் புள்ளி எல்லைகளோடு பிணைத்தது. இன்று நம் பீடங்கள் பலவற்றில், விடைத்தாளுக்குக் கிடைத்த புள்ளி முதலில் எழுத்தாக மாறுகின்றது. எழுத்து மறுபடியும் எண்ணாக மாறுகின்றது. அவ்வெண் கிரெடிட்டாற் பெருக்கப்பட்டுச் சராசரி காணப்படுகின்றது. ஏ எனின் 4.0, ஏ மைனஸ் எனின் 3.7, பி பிளஸ் எனின் 3.3, பி எனின் 3.0 என இவ்வாறு இறங்கும். சராசரி 3.70 ஆயின் முதலாம் வகுப்பு, 3.30 ஆயின் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 ஆயின் கீழ்ப்பிரிவு.

எண்ணை எழுத்தாக்கி, எழுத்தை மீண்டும் எண்ணாக்கும் இவ்விரட்டை மாற்றத்தில் நிகழ்வது யாது என்பதை ஓர் உதாரணத்தாற் காண்க. 75உம் அதற்கு மேலும் 4.0, 70 முதல் 74 வரை 3.7, 65 முதல் 69 வரை 3.3, 60 முதல் 64 வரை 3.0 எனக் கொள்வோம். சம கிரெடிட் உடைய நான்கு பாடங்களில் ஒரு மாணவி 84, 84, 74, 64 பெறுகின்றாள். மொத்தம் 306, தரப்புள்ளிகள் 4.0, 4.0, 3.7, 3.0, சராசரி 3.675. வேறொரு மாணவன் 75, 75, 70, 65 பெறுகின்றான். மொத்தம் 285; தரப்புள்ளிகள் 4.0, 4.0, 3.7, 3.3, சராசரி 3.75. முதலாம் வகுப்பு அவனுக்கு, அவளுக்கு இல்லை. நான்கு பாடங்களுள் மூன்றில் அவனினும் மிக்க புள்ளி பெற்று, மொத்தத்தில் 21 புள்ளி முன்னின்றவள், ஒரே ஒரு பாடத்தில் ஒரு புள்ளி குறைந்தமையால் பின்தள்ளப்பட்டாள். கூட்டலிற் பிழையில்லை, விதி மீறப்படவுமில்லை. ஒவ்வோர் எல்லையிலும் ஒரு புள்ளி பல புள்ளியாகின்றது. எல்லைக்குள் பல புள்ளி ஒன்றுமில்லையாகின்றது.

அந்த ஒரு புள்ளியோ எத்துணை உறுதியுடையது? பொருளியலறிஞர் எட்ஜ்வேர்த் 1888இலேயே, பரீட்சைப் புள்ளியில் தற்செயற் பிழை உண்டென்றும், எல்லைக்கோட்டின் அருகில் நிற்போரின் கதியை அப்பிழையே பெரிதும் நிருணயிக்கின்றதென்றும் நிகழ்தகவுக் கணிதத்தாற் காட்டினார். 1912இல் அமெரிக்காவில் ஸ்ராச், எலியற் என்னும் இருவர் ஆங்கில விடைத்தாள்கள் இரண்டினைப் பல பள்ளி ஆசிரியர்க்கு அனுப்பித் திருத்துவித்தனர். ஒன்றுக்கு 64 முதல் 98 வரையும், மற்றதற்கு 50 முதல் 97 வரையும் புள்ளிகள் வந்தன. இவற்றினும் கூர்மையானது 1935இல் ஹாட்டொக், றோட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆராய்ச்சி. வரலாற்று விடைத்தாள் 15ஐ 14 பரீட்சகர் திருத்தினர். ஓராண்டுக்கு மேற் சென்றபின், முன் இட்ட புள்ளியைக் காணாது, அவர்களே அவற்றை மீளத் திருத்தினர். 210 தீர்ப்புகளில் 92 மாறின. ஒருவரோடு ஒருவர் முரணுதல் இயல்பு; தம்மோடு தாமே முரண்பட்டமைதான் சிந்திக்கத்தக்கது. இவ்வாராய்ச்சியைச் செய்த ஹாட்டொக், பரீட்சை நிருவாகத்தை வெளியில் நின்று பார்த்தவரல்லர். 1903 முதல் 1920 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் கல்விப் பதிவாளராக இருந்தவர். பின்னர் டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். நம்மவரின் வெளிவாரி விடைத்தாள்கள் கடல்கடந்து சென்ற அதே நிறுவனத்தின் உள்வீட்டுச் சாட்சி அவர்.

ஒரு புள்ளி இருபுறமும் பல புள்ளி அசையக்கூடியது எனின், அதன்மேற் கட்டிய சராசரியை இரண்டு தசமத்துக்குக் கணித்து, 3.69உக்கும் 3.70உக்கும் இடையே ஒரு மதில் எழுப்புதல் எவ்வாறு தகும்? பல பாடங்களைக் கூட்டும்போது பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும் என்பது மெய்யே. சராசரிக்கு ஆதரவாகக் கூறக்கூடிய வலிய நியாயமும் அதுவே. ஆயின் அவ்வீடு, நூறில் ஒரு பங்கு நுண்மையைத் தரும் அளவினதன்று.

சராசரியின் வேறொரு குணமும் உண்டு. அது எதனையும் மன்னிப்பதில்லை. தமிழ்மொழியிற் பள்ளிக்கல்வி முடித்த மாணவன், ஆங்கிலத்திற் கற்பிக்கும் பீடமொன்றிற் புகுந்து, முதலாண்டில் விரிவுரையைப் பின்தொடரவே திணறுகின்றான். சொல் வசமான பின், இறுதியாண்டில் தன் வகுப்பில் முன்னணியில் நிற்கின்றான். பழைய இறுதிப் பரீட்சை அவனை, அவன் வந்தடைந்த இடத்தில் வைத்து மதித்திருக்கும். எல்லா ஆண்டுகளையும் சமமாகக் கூட்டும் சராசரியோ, அவன் புறப்பட்ட இடத்தை இறுதிவரை இழுத்துவருகின்றது. நகரப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பயிற்சியோடு வந்தவனுக்கு இச்சுமை இல்லை. வசதியற்றவனைக் காக்கும் என நம்பி ஏற்கப்பட்ட எண், இவ்விடத்தில் வசதியுள்ளவன் பக்கம் சாய்கின்றது. முகம் பாராத முறைதான். ஆயினும் முகத்துக்குப் பின்னாலுள்ள வீட்டையும் பள்ளியையும் அது தன்னையறியாமலே பார்த்துவிடுகின்றது.

பரீட்சையின் எல்லையைக் காட்டுவதற்கு இராமானுஜன் வரலாற்றைப் பலர் கூறுவர். பெரும்பாலும் பரீட்சை முழுவதையும் பழிப்பதற்காகக் கூறுவர். அதனினும் நுண்ணிய பாடம் அதில் உண்டு. 1906இலும் 1907இலும் அவர் எப். ஏ. பரீட்சையில் தவறினார். கணிதத்தில் அன்று, ஏனைய பாடங்களில். ஒவ்வொரு பாடத்திலும் தேறவேண்டும் என்ற விதி, ஒன்றன் மிகுதியால் மற்றொன்றன் குறையை நிரப்ப இடங்கொடுக்கவில்லை. ஆறாண்டு கழித்து, 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் கேம்பிறிட்ஜில் ஹாடியின் மேசையை அடைந்தது. புள்ளி வரிசையை எதிர்த்தழித்த அதே ஹாடி, அத்தாள்களைப் படித்தார், படித்துத் தீர்ந்தார். 1916இல் கேம்பிறிட்ஜ் இராமானுஜனுக்கு ஆராய்ச்சியின் பேரிற் பட்டமளித்தது. விதி தவறவிட்டதை வாசிப்புக் கண்டுகொண்டது. எல்லார்க்கும் ஒரு ஹாடி கிடையார் என்பதும், வாசிப்பவர் ஹாடியாக இல்லாதவிடத்து அவருடைய விருப்பு வெறுப்பே தீர்ப்பாகிவிடும் என்பதும் மறுக்கற்பாலன அல்ல. இங்கு வேண்டப்படுவது எண்ணை ஒழித்தலன்று. எண் முடிவுற்ற இடத்தில் வாசிப்பைத் தொடங்குதல்.

வகுப்பின் தாயகத்திலேயே அதன் மதிப்பு இன்று தளர்ந்துவருகின்றது. 2007இல் பேர்ஜெஸ் என்பாரின் தலைமையிற் கூடிய குழு, ஒரே சொல்லால் மாணவனின் சாதனையைக் கூறும் முறை காலத்துக்கு ஒவ்வாது எனக் கூறி, விரிவான சாதனை அறிக்கை ஒன்றைப் பரிந்துரைத்தது. அறிக்கை வந்தது, வகுப்பும் போகவில்லை. மாறாக, இங்கிலாந்தில் 2010-11இல் நூற்றுக்குப் பதினாறு பேரளவில் முதலாம் வகுப்புப் பெற்ற நிலை, 2020-21இல் நூற்றுக்கு முப்பத்தேழைத் தாண்டியது. அதன்பின்னரே சிறிது இறங்கியது. மாணவர் திறன் பத்தாண்டில் இரட்டித்ததென நம்புவார் அரியர். ஒக்ஸ்போட்டோ 1980களின் நடுப்பகுதி வரை இரண்டாம் வகுப்பை மேல், கீழ் எனப் பிரிக்காமலேயே வாழ்ந்தது.

நம் நாட்டில், பெறுபேற்றுத் தாளில் ஒவ்வொரு பாடத்தின் தரமும் தனித்தனியே அச்சிடப்படுகின்றது. நியமனக் குழுவில் அமர்வோர் அத்தாளின் அடியிலுள்ள ஒற்றை எண்ணோடு நின்றுவிடாமல் மேலுள்ள நிரல்களையும் படிப்பராயின், முதலாண்டுத் திணறலும் இறுதியாண்டு எழுச்சியும் அவர்க்குப் புலனாகும். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பரீட்சகர் சபைக்கும் இதுவே பொருந்தும். விடைத்தாளை இரண்டாம் பரீட்சகர் ஒருவரும் பார்க்கும் வழக்கம் இங்குப் புதியதன்று. ஆயின் சபை கூடும்போது அதன்முன் வைக்கப்படுவது கணிப்பொறி அச்சிட்ட பட்டியல் ஒன்றே. மேற்காட்டிய 3.675உம் 3.75உம் அப்பட்டியலில் மேலும் கீழுமாக நிற்கும். இடையில் ஒரு கோடு ஓடும். அம்மாணவியின் விடைத்தாள்கள் அதே கட்டடத்தில், பரீட்சைப் பகுதியின் அலுமாரியிற் கட்டுக்கட்டாக உள்ளன. கோட்டுக்கு அண்மையில் நிற்கும் நாலைந்து பேரின் கட்டுகளை எடுத்துவந்து, அவிழ்த்து, அச்சபையார் ஒரு பிற்பகலிற் படித்துவிடலாம்.